மூச்சுக் காவலனும் மூன்று செருமலும்

ஒரு காட்டில் எல்லோருக்கும் சளி பிடித்திருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் எந்த மாவட்டம், எந்த ஒன்றியம் என்று அடுத்து கேட்பீர்கள், அப்புறம் நான் மாட்டிக்கொள்வேன். மலையடிவாரத்தில் ஒரு காடு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீர்த்துறை, மார்கழி பிறந்தால் மூக்கு ஒழுகும். அவ்வளவு போதும்.

அந்தக் காட்டில் இரண்டு பழக்கங்கள் உண்டு. முதல் பழக்கம், செருமல். கோரைப்பல் உள்ளவர்கள் நேராகத் தண்ணீருக்கு வந்துவிடக் கூடாது. புதருக்குப் பின்னால் நின்று மூன்று முறை தொண்டையைச் செரும வேண்டும். ஆண்கள் அடுத்த வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று செருமுவார்களே, உள்ளே இருக்கிற பெண்கள் சேலையைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று, அதே மரியாதைதான். இங்கே சரிசெய்துகொள்ள சேலை கிடையாது, ஓடுவதற்கு நான்கு கால் இருக்கிறது. முதல் செருமலில் தண்ணீரிலிருந்து வாயை எடுக்க வேண்டும். இரண்டாவதில் குட்டியைக் கூப்பிட வேண்டும். மூன்றாவதில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவர் அங்கேயே நின்றால் அவர் விரும்பித்தான் நிற்கிறார் என்று அர்த்தம். அவரைச் சாப்பிட்டவர்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பழக்கம், யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தையாக "சாப்டீங்களா?" என்று கேட்பது. கோரைப்பல் உள்ளவர்களிடம் மட்டும் இதைக் கேட்பதில்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காட்டில் தவமணி என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். போன பனிக்காலத்தில் அவளுடைய மூத்த குட்டி நெஞ்சில் சளி கட்டி நான்கே நாளில் போய்விட்டது. இப்போது கையில் இருப்பது அரும்பு ஒன்றுதான். பால் மறக்காத குட்டி. மார்கழி நெருங்க நெருங்க தவமணி தூங்குவதையே விட்டுவிட்டாள். ராத்திரி பகல் என்று பார்க்காமல் குட்டியின் விலாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சளி வருமுன் கண்டுபிடிக்கிற பெட்டி ஒன்று பட்டணத்தில் வந்திருக்கிறது, அது நம் காட்டுக்கும் வேண்டும் என்று ஒரு மனு சுற்றி வந்தபோது முதல் குளம்படி அவளுடையதுதான். அதைக் கடைசியில் யாரும் மறக்கக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மனு போன வேகத்தில் பெட்டி வந்துவிட்டது. அதிலேயே எனக்குச் சந்தேகம்தான், ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

பெட்டிக்கு 'மூச்சுக் காவலன்' என்று பெயர். அதை நீர்த்துறையில் இருந்த நாவல் மரத்தில் மாட்டுவதற்குப் பட்டணத்திலிருந்து ஒரு மைனா வந்தது. பெட்டிக்கு ஒரு கண், ஒரு காது, இரண்டு விளக்கு. யார் இருமினாலும் காது கேட்கும், கண் பார்க்கும், இன்னார் இருமினார் என்று பெட்டி தானே எழுதிக்கொள்ளும். சாதா இருமல் என்றால் பச்சை விளக்கு. நோய் இருமல் என்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தவர் ஏழு நாள் தனியாக இருக்க வேண்டும், மருந்து குடிக்க வேண்டும். குட்டிக்குச் சிவப்பு என்றால் தாயைப் பெட்டியே கூப்பிடும். இது செயற்கை நுண்ணறிவு, தினமும் புதுசு புதுசாகக் கற்றுக்கொள்ளும் என்று மைனா சொன்னது. எங்கே படித்தது என்று ஒரு காட்டுப்பன்றி கேட்டது. பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் என்று பதில் வந்தது. ஆயிரக்கணக்கான இருமலைக் கேட்டுப் படித்ததாம்.

அதில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. மிருகக்காட்சி சாலையில் சிங்கம் இருமினால் டாக்டர் ஓடி வருவார், புலி இருமினால் ஓடி வருவார், சிறுத்தை இருமினால் ஓடி வருவார். வரும்போதே பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு வருவார். மான் இருமினால் யாரும் வர மாட்டார்கள். மான்கள் நிறைய இருந்தன. அதனால் பெட்டிக்கு மானின் இருமல் என்றால் என்னவென்றே தெரியாது. மான் இருமினால் அது இலைச் சலசலப்பு என்று எழுதிக்கொண்டு பச்சை விளக்கைப் போடும்.

இன்னொரு சின்ன விஷயமும் இருந்தது. கூண்டில் இருக்கிறவர்கள் யாருக்காகச் செரும வேண்டும்? சாப்பாடு தானாக வருகிறது, செத்துத்தான் வருகிறது. ஆகவே பெட்டி செருமலையும் கேட்டதே இல்லை. மைனாவிடம் இதைச் சொன்னார்கள். மைனா பட்டியலைப் புரட்டிப் பார்த்தது. இருமல் இருக்கிறது, தும்மல் இருக்கிறது, இரைப்பு இருக்கிறது, செருமல் என்று ஒரு வார்த்தை பட்டியலில் இல்லை, வேண்டுமானால் தனியாக ஒரு கோரிக்கை கொடுங்கள் என்றது. அடுத்த நாளே பட்டணம் போய்விட்டது.

காட்டுக்கு நர்ஸ் ஒரு கொக்கு. நர்சம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அதே வெள்ளை உடுப்பு, அதே ஒற்றைக்கால். மருந்து அவர் பொறுப்பு. ஆடாதோடை இலையைக் காய்ச்சித் தேன் கலந்து சுரைக்குடுவையில் வைத்திருப்பார். அந்த இலை காட்டில் எங்கும் முளைத்துக் கிடக்கிறது, ஆனால் பச்சையாக ஆடும் தொடாது, மானும் தொடாது, அப்படி ஒரு கசப்பு. நர்சம்மா காய்ச்சினால்தான் தொண்டையில் இறங்கும். அதையும் நர்சம்மாவுக்கு எதிரிலேயே குடித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை.

பெட்டி மாட்டிய முதல் சாயங்காலம் உமாபதி தண்ணீருக்கு வந்தார். உமாபதி என்பவர் சிறுத்தை. நல்ல மனுஷர் என்று சொல்லலாம், சிறுத்தையை அப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை. வம்புதும்புக்குப் போகாதவர். பரம்பரையாகச் செருமுகிற குடும்பம். புதருக்குப் பின்னால் நின்று, நிதானமாக, மூன்று முறை செருமிவிட்டு வெளியே வந்தார். எல்லோரும் போய்விட்டார்கள். பெட்டி மட்டும் போகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். தங்கள் இருமல் எங்களுக்கு முக்கியமானது. தாங்கள் ஏழு நாட்கள் தனிமையில் இருக்கவும்" என்றது பெட்டி.

உமாபதி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். குகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். தினமும் நர்சம்மா பறந்து வந்து ஒரு குடுவை கஷாயத்தை நீட்டுவார். எனக்கு ஒன்றுமில்லையே, மரியாதைக்குச் செருமினேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நர்சம்மாவுக்கும் தெரியும். ஆனால் பெட்டி எழுதிவிட்டது. ஏழாம் நாள் முடிந்து வெளியே வந்தார், தண்ணீருக்குப் போனார், செருமினார், மறுபடி சிவப்பு. மறுபடி ஏழு நாள். செருமாமல் போகலாம் என்று யாரோ யோசனை சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. செருமாமல் தண்ணீருக்குப் போகிற அளவுக்கு எங்கள் குடும்பம் இன்னும் தாழ்ந்துவிடவில்லை என்று சொல்லிவிட்டார்.

இப்படி நோயில்லாத சிறுத்தை கஷாயம் குடித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அரும்புக்கு நெஞ்சில் சளி கட்டியது.

முதல் நாள் மூக்கு ஒழுகியது. இரண்டாம் நாள் பால் குடிக்கும்போது மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. போன வருஷம் மூத்த குட்டிக்கு அப்படிப் போய் வந்ததை தவமணி பார்த்திருக்கிறாள். விடிந்ததும் விடியாததுமாகக் குட்டியைக் கூட்டிக்கொண்டு பெட்டியின் முன்னால் வந்து வரிசையில் நின்றாள். முன்னால் நாற்பது பேர். ஒரு முள்ளம்பன்றி நின்றதால் அதற்குப் பின்னால் மட்டும் பத்தடி இடைவெளி. முறை வந்ததும் அரும்பு கண்ணில் நீர் வரும்வரை இருமியது.

பச்சை விளக்கு. "வணக்கம். இலைச் சலசலப்பு. தாங்கள் நலம்."

மறுபடி இருமச் சொன்னாள். மறுபடி இலைச் சலசலப்பு. பெட்டியின் காதருகில் குட்டியைத் தூக்கிப் பிடித்து இருமவைத்தாள். பலத்த காற்று என்றது பெட்டி.

நர்சம்மாவிடம் ஓடினாள். நர்சம்மா குட்டியைப் பார்த்த மாத்திரத்திலேயே ஊன்றியிருந்த காலை மாற்றிக்கொண்டார். இருபது வருஷத்தில் அவர் காலை மாற்றியது நாலைந்து தடவைதான். இது சளிக்காய்ச்சல், இன்றைக்கே மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. படிவத்தை எடுத்தார். முன்பெல்லாம் அதில் 'நர்ஸின் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். புதுப் படிவத்தில் அந்த இடத்தில் பெட்டியின் படம் போட்டிருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியுது தவமணி" என்றார் நர்சம்மா. "ஆனா பெட்டி பச்சை போட்டிருக்கு. பச்சைக்கு மருந்து எடுத்தா நாளைக்கு என்னையே எடுத்துடுவாங்க. எப்படியாவது ஒரு சிவப்பு வாங்கிட்டு வா, அடுத்த நிமிஷம் குடுக்கறேன்."

தவமணி அங்கேயே நின்று அழுதாள். நர்சம்மாவும் அழுதார் என்று சொல்கிறார்கள், கொக்குக்கு அழுகை வெளியே தெரியாது. அழுது முடித்த பிறகு தவமணிக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் காட்டில் சிவப்பு வாங்குவது யார்? ஒரே ஒருத்தர்தான்.

நேராக உமாபதியின் குகைக்குப் போனாள். மான் தானாக நடந்து சிறுத்தையின் குகைக்குப் போனது அந்தக் காட்டில் அதற்கு முன் கிடையாது. குகை வாசலில் அவள் நின்றதும் உள்ளேயிருந்து மூன்று செருமல் கேட்டது. வீட்டுக்கு வந்தவளாக இருந்தாலும் எச்சரிக்கை செய்துவிட்டுத்தான் அவர் வெளியே வருவார். தவமணியின் நான்கு காலும் திரும்பி ஓடப் பார்த்தன. அவள்தான் ஓடவிடவில்லை. வாய் வரை வந்த "சாப்டீங்களா"வை விழுங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

என் குட்டி பெட்டிக்கு முன்னால் நிற்கட்டும். நீங்கள் பின்னால் புதரில் நின்று மூன்று முறை செருமுங்கள். கண் குட்டியைப் பார்க்கும், காது உங்களைக் கேட்கும். குட்டிக்குச் சிவப்பு கிடைக்கும். உங்கள் செருமல் குட்டியின் கணக்கில் போய்விடும், உங்களை இனிமேல் பெட்டி பிடிக்காது. இதுதான் அவள் சொன்னது.

உமாபதி யோசித்தார். கஷாயம் குடித்துக் குடித்து அவருக்கு நாக்கே மரத்துப் போயிருந்தது. அவர் பதிலை அப்படியே சொல்கிறேன்.

"இது பொய்க் கணக்கும்மா. ஆனா பெட்டி என்னைப் பத்தி எழுதினதும் பொய்க் கணக்குதான். ரெண்டையும் சேர்த்தா சரியாயிடும். செய்யறேன்."

"மருந்து முடியற வரைக்கும் எங்களை ஒண்ணும் செய்யக் கூடாது ஐயா."

"மருந்து முடியற வரைக்கும்" என்று உமாபதி வாக்குக் கொடுத்தார். வாக்கு என்றால் வாக்கு, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்று சாயங்காலமே காரியம் நடந்தது. அரும்பு பெட்டியின் கண்ணுக்கு நேராக நின்றது. புதருக்குள்ளிருந்து மூன்று செருமல். நீர்த்துறையில் இருந்தவர்கள் வழக்கப்படி காலி செய்தார்கள். பெட்டியின் கண் குட்டியைப் பார்த்தது, காது செருமலைக் கேட்டது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். முந்தைய பதிவு திருத்தப்பட்டது. இந்த இருமல் அரும்பு என்னும் மான்குட்டியுடையது. தாயார் உடனே அருகில் வரவும்."

தவமணி ஓடி வந்தாள். நர்சம்மா குடுவையோடு தயாராக நின்றிருந்தார். கஷாயம் அரும்பின் தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்தபோது தவமணிக்கு அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சிறுத்தையையும்தான். இரண்டையும் செய்யவில்லை.

மருந்து ஏழு நாள். சிறுத்தைக்கு ஒரு சிவப்பே போதும், மானுக்கு என்றால் தினமும் புதுச் சிவப்பு காட்டினால்தான் அன்றைய குடுவை. ஆகவே ஏழு சாயங்காலமும் உமாபதி வந்தார், மூன்று முறை செருமினார், பெட்டி தாயாரைக் கூப்பிட்டது, தவமணி ஓடி வந்தாள். மொத்தம் இருபத்தொரு செருமல். வாக்குக் கொடுத்திருந்ததால் உமாபதி அந்த ஏழு நாளும் பக்கத்துக் காட்டுக்குப் போய் எலி தின்றுகொண்டிருந்தார். அந்த வயதில், அந்த உடம்போடு, எலி. நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

எட்டாம் நாள் அரும்பு துள்ளியது. விலா சரியாகிவிட்டது, மூக்கு காய்ந்துவிட்டது, பால் குடித்துவிட்டு ஓடி, விழுந்து, எழுந்து, மறுபடி பால் குடித்தது. தவமணி அந்த ஒரு நாள் காதை விலாவில் வைக்காமல் தூங்கினாள். நர்சம்மா படிவத்தில் 'குணம்' என்று எழுதினார். மானுக்கு மருந்து கிடைத்த முதல் பதிவு அதுதான் என்று பட்டணத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தில் மான்களின் இருமலைப் பெட்டி இப்போது மிகச் சிறப்பாக அடையாளம் காண்கிறது என்று எழுதியிருந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சின்னப் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களை இப்போதே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. தவமணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அரும்பு மூங்கில் புதர்ப் பக்கம் விளையாடப் போயிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. மூங்கில் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. தவமணி தண்ணீரிலிருந்து வாயை எடுத்தாள். இரண்டாவது செருமல். "அரும்பு" என்று கூப்பிட்டாள். மூன்றாவது செருமல். எல்லோரும் ஓடினார்கள். அவளும் திரும்பினாள். அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். அரும்பு என்னும் மான்குட்டி இருமுகிறது. தாயார் உடனே அருகில் வரவும்."

அது உமாபதியின் செருமல் என்று தவமணிக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதைக் குட்டியின் பேரில் எழுதவைத்தவளே அவள்தான். மருந்து முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது, வாக்கும் முடிந்துவிட்டது என்பதும் தெரியும். பத்துக்கு ஒன்பது பங்கு அது உமாபதிதான். ஆனால் ஒரு பங்கு அரும்பாக இருந்தால்? சளி திரும்பி வந்திருந்தால்? போன வருஷம் மூத்த குட்டி கடைசி நாளில் இருமியபோது இவள் தண்ணீர் குடிக்கத்தான் வந்திருந்தாள். பெட்டி குட்டியின் பேரைச் சொல்லிவிட்டது. பேரைச் சொன்ன பிறகு எந்தத் தாய் தன் காதை நம்பிக்கொண்டு நிற்பாள்?

மூங்கிலை நோக்கி ஓடினாள்.

மூங்கிலுக்குப் பின்னால் உமாபதி நின்றிருந்தார். அரும்பு அங்கே இல்லை, அது நாவல் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டிருந்தது. தவமணியைப் பார்த்ததும் உமாபதிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. அவர் ஒரு தடவை, இரண்டு தடவை அவளைத் தாண்டி வேறு பக்கம் பார்த்தார்.

"மூணு தடவை செருமினேனேம்மா. கேக்கலையா?"

"கேட்டுச்சு ஐயா. குட்டியா இருக்குமோன்னு வந்தேன்."

"குட்டி இல்லை. நான்தான்."

"நல்லதுங்க ஐயா" என்றாள் தவமணி. குட்டி இருமவில்லை என்று கேட்டதில் அவளுக்கு நிஜமாகவே நிம்மதி.

உமாபதி மரியாதை தெரிந்தவர். அவளுக்காக இன்னொரு முறை, வழக்கத்தில் இல்லாத நான்காவது முறையும் செருமினார். பெட்டி உடனே தாயார் அருகில் வரவும் என்றது. தாயார் ஏற்கெனவே அருகில்தான் இருந்தாள்.

அதன் பிறகு கேட்ட சத்தத்தைப் பெட்டி இலைச் சலசலப்பு என்று எழுதிக்கொண்டது.

அரும்பை மற்ற மான்கள் பார்த்துக்கொண்டன. அதற்கு மறுபடி சளி பிடிக்கவே இல்லை, அந்த வகையில் தவமணி வாங்கிய மருந்து நல்ல மருந்து. செருமல் என்றால் மான்குட்டியின் இருமல் என்று கற்றுக்கொண்ட பெட்டி, செருமல் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு குட்டியின் பேரைச் சொல்லித் தாயைக் கூப்பிட்டது; மாசி முடிவதற்குள் இன்னும் ஏழு தாய்மார்கள் பெட்டி கூப்பிட்டவுடன் விரைந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் உமாபதி செருமிவிட்டுத்தான் சாப்பிட்டார், மனசில் ஒரு கறை இல்லை. பனிக்காலம் முடிந்ததும் பட்டணத்து மைனா வந்து கணக்கெடுத்தது. இருமுகிற மான்கள் குறைந்திருந்தன. நெரிசல் குறைந்ததால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் குறைந்திருந்தது. வரிசையும் குறைந்திருந்தது. அழைத்தவுடன் தாய்மார்கள் வருகிற விகிதத்தில் இந்தக் காடுதான் முதலிடம். நாவல் மரத்துக்கு ஒரு மாலை போட்டார்கள். மைனாவிடம் நர்சம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். 'செருமல்' என்ற வார்த்தையைப் பட்டியலில் சேர்க்கக் கோரி அவர் தன் கையால் எழுதிய கோரிக்கை. மைனா அதை வாங்கிப் பெட்டியிடம் காட்டியது. இலைச் சலசலப்பு என்று பெட்டி பச்சை விளக்கைப் போட்டது.

நீதி: குழந்தைக்கு மருந்து வாங்க யாரை வேண்டுமானாலும் செருமச் சொல்லலாம், ஆனால் முதல் வார்த்தையாக, கூச்சப்படாமல், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும்.